மலைக்குள் ஒதுங்கிய ஜப்பானிய வெந்நீரூற்று விடுதி: தனிக் குளியலுக்குப் பணம் கட்டும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

கேள்வி: பிப்ரவரியில் நாங்கள் இருவரும் என் பெற்றோரும், ஆக நான்கு பேர், ஜப்பான் போகிறோம். மலைப்பக்கம் ஒதுங்கிய ஒன்சென் (வெந்நீரூற்று) விடுதி ஒன்றில் தங்க ஆசை. அம்மாவுக்குப் பொதுக் குளியலில் உடையில்லாமல் இறங்கச் சங்கடம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம், முழங்கால் வலி. இருவரும் சுத்த சைவம். ‘தனிக் குளியல் உண்டு’ என்று போட்டிருப்பதை நம்பிப் பதிவு செய்யலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் எந்தத் தனிக் குளியல் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. போய் ஏமாந்து நிற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

முதல் வகையில் அறையின் முற்றத்திலோ பால்கனியிலோ உங்களுக்கே உங்களுக்கான திறந்தவெளித் தொட்டி இருக்கும். ‘ரோத்தென்புரோ-ட்சுகி’ அறை என்பார்கள். இரவு இரண்டு மணிக்கும் இறங்கலாம். இரண்டாவது, ‘கஷிகிரி’. விடுதிக்குப் பொதுவான சிறு குளியலறை, உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டால் அந்த நேரத்துக்கு அது உங்களுடையது. முன்பதிவு இல்லை, காலியாக இருந்தால் வாசலில் தொங்கும் பலகையைத் திருப்பிவிட்டு நுழையலாம். மூன்றாவதும் கஷிகிரிதான், ஆனால் 45 அல்லது 50 நிமிடம் என்று நேரம் குறித்து, பெரும்பாலும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது. நான்காவதுதான் கண்ணி: அறைக்குள் அழகான மரத் தொட்டி இருக்கும், படத்தில் ஆவி பறக்கும், ஆனால் குழாயில் வருவது சூடாக்கிய சாதாரணத் தண்ணீர். ஊற்றுநீர் கீழே பொதுக் குளியலில் மட்டும். விடுதி பொய் சொல்வதாக ஆகாது, ‘அறையில் குளியல் உண்டு’ என்றுதானே போட்டிருக்கிறார்கள்! ஆகவே ‘அறைத் தொட்டிக்கு வருவது ஒன்சென் நீரா?’ என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவின் சங்கடத்துக்கு முதல் வகையே சரி. நான்கு பேருக்கும் அப்படி அறை எடுத்தால் செலவு எகிறும். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள், அறைக்கு இவ்வளவு என்றல்ல. நல்ல சாதாரண விடுதி ஆளுக்கு 20,000 முதல் 30,000 யென். அறைத் தொட்டி என்றால் 35,000-இல் தொடங்கி 60,000-ஐயும் தாண்டும். பெற்றோருக்குத் தொட்டியுள்ள அறை, உங்களுக்குச் சாதாரண அறையும் இலவசக் கஷிகிரியும் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். சனிக்கிழமை இரவையும், பிப்ரவரி 11, 23 ஆகிய அரசு விடுமுறைகளை ஒட்டிய இரவுகளையும் விட்டுவிட்டால் அதே அறை குறைந்த விலையில் கிடைக்கும். மேற்கொண்டு ஒன்சென் வரி என்று ஆளுக்கு வழக்கமாக 150 யென், சில ஊர்களில் கூடுதல்.

அடுத்தது தண்ணீர். ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு ஒன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட 19 கூறுகளில் ஒன்றாவது போதிய அளவு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். அதனால் குளிர்ந்த ஊற்றும் ஒன்சென்தான், அதைச் சூடாக்கித் தருவதில் தவறில்லை. தேடுகிறவர்கள் சொல்லும் மந்திரச் சொல் ‘கென்சென் ககேநகாஷி’. ஊற்றிலிருந்து வந்த நீர் தொட்டியில் நிறைந்து வழிந்து போய்விடும், வடிகட்டித் திரும்ப உள்ளே வராது என்று அர்த்தம். நீர்வளம் குறைந்த இடத்தில் அதே நீரைச் சுழற்றி, வடிகட்டி, குளோரின் போட்டுத் தருவார்கள். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், அதைத் தடுக்கவே குளோரின்.

2004-இல் நாகானோவின் ஷிராஹோனே ஊரில் சில விடுதிகள் நீரை வெண்மையாகக் காட்டக் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து பெரிய அவமானமாயிற்று. மறு ஆண்டே விதி மாறியது. நீர் கலந்தால், சூடாக்கினால், சுழற்றினால், மருந்து சேர்த்தால் அதையும் காரணத்தையும் எழுதி ஒட்டியாக வேண்டும். உடை மாற்றும் இடத்தில் அந்தத் தாளும், நீர்ப் பகுப்பாய்வுத் தாளும் தொங்கும். கைபேசி மொழிபெயர்ப்பில் காட்டி மூன்று எண்களைப் பாருங்கள்: ஊற்றின் வெப்பம், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். இன்னொன்று, பால்போல் இருந்தால்தான் உயர்ந்த நீர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கந்தக நீர் ஊற்றிலிருந்து வரும்போது பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டு, கந்தகம் நுண்துகளாகப் பிரியும்போதுதான் வெளுக்கும். தெளிந்த நீர் என்றால் புதிதாக வந்த நீராகக்கூட இருக்கலாம்.

அறைத் தொட்டியில் ககேநகாஷி என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 லிட்டர் தொட்டிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தால் முழு நீரும் மாற இரண்டு மணி நேரம். பிப்ரவரிப் பனியில் அந்த இரண்டு மணி நேரத்தில் மேற்பரப்பு வேகமாகச் சூட்டை இழக்கும். அதற்குத்தான் பக்கத்தில் மரப்பலகை மூடியோ சுருட்டி வைத்த மூடியோ வைத்திருப்பார்கள். ஏறியதும் மூட வேண்டும். பலர் அதை ஏதோ அலங்காரம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, விடியற்காலையில் தண்ணீர் ஆறிப்போச்சு என்று வரவேற்பில் போய் நிற்பார்கள்.

சூடு அதிகமாக இருந்தாலும் வழி உண்டு. நீட்டுக் கைப்பிடி போட்ட துடுப்பு ஒன்று கிடக்கும், முதலில் அதை வைத்து அடிவரை கலக்குங்கள். மேலே 44 டிகிரி, அடியில் 40 என்று அடுக்காக நிற்கும் நீர் கலக்கினாலே பதமாகிவிடும். அப்படியும் 44 இருந்து 41-க்கு இறக்க வேண்டுமானால், 600 லிட்டருக்கு 10 டிகிரி பச்சைத் தண்ணீர் சுமார் 60 லிட்டர் போதும். வழக்கமான குழாயில் ஆறேழு நிமிடம். குழாயைத் திறந்துவிட்டு அறைக்குள் போய் மறந்தால் தொட்டி முழுக்க வெதுவெதுப்பாகிவிடும், ஊற்றின் சிறு ஓட்டத்தில் அது திரும்பச் சூடாக அரை நாள் ஆகும். ஊற்றுநீர் வரும் குழாயை மட்டும் முழுதாக அடைக்க வேண்டாம். சில இடங்களில் குழாய்க்குள் நீர் உறைந்துபோகும், சில இடங்களில் தாது படிந்து அடைத்துக்கொள்ளும்.

இனி வழி. ஒதுங்கிய விடுதிக்குப் போவதில் பாதி வேலை நேரத்தைச் சரிகட்டுவதுதான். பகல் 3 மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் 10 மணிக்குள் வெளியேற வேண்டும். மொத்தம் 19 மணி நேரம். இரவுச் சாப்பாடு 6 அல்லது 6.30. அதைத் தாண்டி வந்தால் சாப்பாடு போனது போனதுதான், பணம் திரும்பாது. ஆறு மணிக்கு மேல் வந்தால் சேர்ப்பதில்லை என்றே சில இடங்களில் எழுதியிருக்கும். ஆகவே மூன்று மணிக்கு வாசலில் நிற்கும்படி புறப்படுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு குளியல், கொஞ்சம் ஓய்வு, பிறகு சாப்பாடு. ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கொடுத்த பணத்தில் பெரும் பங்கை ரயிலிலேயே விட்டதாக ஆகும்.

உதாரணத்துக்கு அகிதா மாகாணத்தின் நியூதோ. ஏழு விடுதிகள் மலைக்காட்டில் சிதறிக் கிடக்கும் இடம். தோக்கியோவிலிருந்து கொமாச்சி என்ற ஷின்கன்சென் அதிவேக ரயிலில் தசாவாகோ நிலையம் சுமார் மூன்று மணி நேரம். அந்த ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். நிலையத்திலிருந்து பஸ். புகழ்பெற்ற ட்சுருனோயு விடுதிக்குப் போகிறவர்கள் ஆல்ப்பா கொமகுசா நிறுத்தத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து விடுதி வண்டி வந்து அழைத்துப் போகும், முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும். அங்கே எல்லாப் படங்களிலும் தெரியும் அந்தப் பால்வெள்ளைத் திறந்தவெளிக் குளம் ஆண், பெண் இருவருக்கும் பொது. அம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்திலுள்ள குரோயு விடுதி குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வழியில் மோரியோகா நகரத்தைத் தாண்டியதும் ரயில் பாதை மலைக்குள் போகிறது, கடும் பனியில் ரயில் தாமதமாகும். காலை ரயில் பிடித்தால் சமாளிக்கலாம், மத்தியான ரயிலில் பந்தயம் கட்ட வேண்டாம். வாடகைக் கார் பற்றி யோசிக்கவே வேண்டாம். பனிச் சக்கரம் போட்டுத் தந்தாலும், பனியில் ஓட்டிப் பழகாதவருக்கு அந்த மலைச் சாலை ஆகாது.

பெரிய பெட்டிகளைத் தூக்கிப் போக வேண்டாம். தோக்கியோ ஓட்டலின் வரவேற்பில் ‘தக்யூபின்’ (பெட்டியை ஊர்விட்டு ஊர் அனுப்பும் சேவை) என்று கேட்டால் படிவம் தருவார்கள். மலையை முடித்து இறங்கும் ஊரின் ஓட்டலுக்குப் பெட்டியை அனுப்பிவிட்டு, ஓரிரு இரவுக்கான சிறு பையோடு ஏறுங்கள். பனிக்காலத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும், அட்டை எடுக்காத விடுதிகள் இன்னும் உண்டு.

அப்பாவின் முழங்காலைப் பற்றி விடுதிக்கு எழுதும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: மின்தூக்கி உண்டா, படுக்கை தரையிலா கட்டிலிலா, சாப்பிட நாற்காலி கிடைக்குமா, தொட்டியில் இறங்கக் கைப்பிடி உண்டா. பழைய விடுதி என்றால் தத்தாமிப் பாயில் ஃபுட்டான் மெத்தை, படி படியாக ஏறி இறங்கும் தாழ்வாரம். இன்று நிறைய இடங்களில் தத்தாமி அறையிலேயே தாழ்வான கட்டில் போட்ட அறைகள் இருக்கின்றன. விடுதியின் வயதை வைத்துக் கட்டடத்தை எடைபோட முடியாது. யமனாஷியின் கெய்யுன்கான் விடுதி 705-ஆம் ஆண்டு தொடங்கியது, உலகின் பழமையான ஓட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது, ஆனால் இப்போதிருப்பது நவீனக் கட்டடம். திறந்தவெளிக் குளியல் ஆற்றங்கரையில் என்று படித்தால், கரைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். தோக்குஷிமாவின் இயா பள்ளத்தாக்கு விடுதியில் அறைக்கும் ஆற்றங்கரைக் குளியலுக்கும் நடுவே 170 மீட்டர் இறக்கம், அவர்கள் கேபிள் கார் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வைத்திருப்பார்கள் என்று நினைக்க முடியாது.

ரத்த அழுத்தத்துக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டே போகட்டும். ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சின் வழிகாட்டி, முதியவர்களும் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் 42 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள நீரைத் தவிர்க்கச் சொல்கிறது. முதல் குளியல் 3 முதல் 10 நிமிடம், முதல் நாள் ஒன்றிரண்டு தடவை, அவ்வளவே. சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் உடனே பின்பும், குடித்த பிறகும் இறங்கக் கூடாது. பிப்ரவரியில் ஆபத்து தொட்டியில் மட்டும் இல்லை, உடை மாற்றும் குளிர்ந்த அறையிலும் இருக்கிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், சுடுநீரில் விரிந்து சட்டென்று இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அறைக்குள் ஹீட்டரைப் போட்டுச் சூடாக்கிவிட்டு உடை கழற்றுங்கள். கால், தொடை, கை, மார்பு என்ற வரிசையில் பத்துச் சொம்பு தொட்டி நீரை ஊற்றிக்கொண்டு, முதலில் இடுப்பளவு, பிறகு தோள்வரை இறங்கட்டும். ஏறும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து மெதுவாக எழ வேண்டும். அப்பா தனியாக இறங்க வேண்டாம். தனிக் குளியலில் ஒரே கெடுதல் அதுதான், மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது.

தனித் தொட்டி என்றாலும் குளிக்கும் முறை ஒன்றுதான். வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்பும் ஷாம்பூவும் போட்டு முழுதாக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். தொட்டிக்குள் சோப்புக் கூடாது, துண்டை நனைக்கக் கூடாது. நம்மவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும்: தலையில் தேங்காய் எண்ணெயும் முகத்தில் மஞ்சளும் இருந்தால் இரண்டு தடவை அலசுங்கள். எண்ணெய் மேலே படலமாக மிதக்கும், மஞ்சள் மரத்தொட்டியில் கறையாக ஏறும். கூந்தலை உச்சியில் கட்டிக்கொள்ள வேண்டும். பாவாடையை மார்புவரை கட்டிக் குளிக்கும் பழக்கத்தில் அம்மா அப்படி இறங்க நினைக்கலாம். அறைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும், ஆனால் சாயம் இறங்கும், நூல் வடிகாலில் அடைக்கும். ‘யுவாமிகி’ என்ற குளியல் அங்கி சில விடுதிகளில் கிடைக்கும், கேட்டு வாங்கலாம். அறைத் தொட்டி எதிர்க்கரைக்கோ பாதைக்கோ தெரியுமா என்பதையும் பதிவுக்கு முன்பே கேளுங்கள், மூங்கில் தட்டி இறக்கிவைத்திருப்பார்கள்.

கஷிகிரிக்கு நேரம் பிடிப்பதாக இருந்தால், உள்ளே நுழைந்த கையோடு வரவேற்பில் கேளுங்கள். இரவு 8 முதல் 9.30 வரையிலான நேரங்கள்தான் முதலில் போகும். 50 நிமிடம் என்றால் உடை கழற்றி, கழுவி, இறங்கி, துவட்டி, தலை காயவைத்து வெளியே வருவது வரை 50. தண்ணீரில் 20 நிமிடம் கிடைத்தால் பெரிது.

சைவம்தான் உங்கள் பயணத்திலேயே கடினமான பகுதி. மூன்று நாளுக்கு முன் சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம், பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்றால் இறைச்சித் துண்டு இல்லாத சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். மிசோ சூப், வேகவைத்த காய்கறி, டோஃபு, முட்டை எல்லாவற்றுக்கும் அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. அது பெரும்பாலும் கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவியதில் எடுப்பது. தட்டில் மீனைத் தேடினால் கிடைக்காது, குழம்பில் இருக்கும். கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீட்டாக்கே காளானிலும் தாஷி எடுக்க முடியும், அதைத்தான் கேட்க வேண்டும். ‘நிக்கு, சகானா, கட்சுவோ-தாஷி வா தபெராரெமாசென். கொம்பு-தாஷி வா தாய்ஜோபு தெசு.’ இறைச்சி, மீன், மீன் தாஷி சாப்பிட முடியாது, கொம்பு தாஷி பரவாயில்லை என்று பொருள். முட்டை, பால் ஆகுமா என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். முடியும் என்று சொல்லி மீன் சாறு ஊற்றித் தருபவரைவிட அவர் நேர்மையானவர், வேறு விடுதி பாருங்கள். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுக்கும் முறைக்கு ‘சுதோமாரி’ என்று பெயர். ஆனால் மலையில் பக்கத்தில் கடை இருக்காது. வெந்நீர்க் கெண்டி அறையில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் பொட்டலங்கள் கைவசம் இருக்கட்டும். விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் வெளிச் சாப்பாட்டை எடுத்துப் போக வேண்டாம்.

போக்குவரத்துக்கே அரை நாள் ஆகும் இடம் என்றால் இரண்டு இரவு தங்குவதே நல்லது என்பேன். ஆனால் நடுவில் வரும் பகல் பற்றி யாரும் சொல்வதில்லை. காலை 10 முதல் பிற்பகல் 2 அல்லது 3 வரை பொதுக் குளியல்களைக் கழுவுவார்கள், மதியச் சாப்பாடும் கிடையாது. பஸ் ஏறும் முன்பே நிலையத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவுச் சாப்பாடு மாறுமா என்றும் கேட்கலாம்.

உள்ளே நடந்துகொள்வதில் சிரமமே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், தாழ்வாரத்துக்குத் தளச்செருப்பு, தத்தாமியில் வெறுங்கால் அல்லது காலுறை, கழிவறைக்கு அங்கேயே இருக்கும் வேறு செருப்பு. பெட்டிச் சக்கரம் பாயில் உருளக் கூடாது. விடுதியில் தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியில் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், மாறிக் கட்டினால் அது பிணத்துக்குக் கட்டும் முறை. நீங்கள் சாப்பிடும்போது ஆள் வந்து மெத்தை விரித்துப் போவார், அறைக்குள் நுழைந்துவிட்டார்களே என்று பதற வேண்டாம். டிப்ஸ் தேவையில்லை.

கந்தக ஊற்று என்றால் இரண்டு எச்சரிக்கை. குளியலறைச் சுவரின் கீழே காற்றுப் போகத் திறப்பு வைத்திருப்பார்கள், குளிருக்காக அதைத் துண்டு வைத்து அடைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், செறிவு கூடினால் உயிரையே எடுக்கும். அழுகிய முட்டை வாடை திடீரென்று தெரியாமல் போனாலும் நிம்மதி அடையக் கூடாது, செறிவு ஏற ஏற மூக்கு மரத்துவிடும்.

இன்னொன்று நகை. கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் வெள்ளி, கந்தக நீரில் நிமிடங்களில் கறுக்கும். 22 காரட் தங்கத்திலும் வெள்ளியும் செம்பும் கலந்திருப்பதால் தாலிக்கொடியும் நிறம் மங்கலாம். கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீரில் இறங்காவிட்டாலும் வெள்ளி கறுக்க அந்த அறையின் காற்றே போதும். மறந்து போட்டுக்கொண்டு போய் வெள்ளி கறுத்துவிட்டால், கிண்ணத்தில் அலுமினியத் தாளைப் பளபளப்புப் பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றி, கொலுசு தாளைத் தொடும்படி சில நிமிடம் வைத்தெடுங்கள். கல் பதித்த நகைக்கும் தங்க முலாம் பூசியதற்கும் இது வேண்டாம், ஊருக்கு வந்ததும் ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள்.